கண்ணாடிச் சுத்தி யார் கையில் இருந்தது?

போன வாரம் நம் வகுப்புக் குரூப்பில் யாரோ பழைய 'தானே' புயல் படங்களைத் தோண்டி எடுத்துப் போட்டீர்கள். வேப்பமரம் விழுந்து அப்பளமாகக் கிடந்த வெள்ளை வேனைப் பார்த்து, "ஐயோ, நம்ம ஸ்கூல் வேன்டி" என்று ஆளாளுக்கு அழுகிற பொம்மை போட்டீர்கள். ஒருத்தி என்னைக் குறிப்பிட்டு, "உங்க அப்பாதானே அத நிமித்துனாரு? தங்கமான மனுஷன்டி அவரு" என்று எழுதினாள். ஐம்பது பேர் கைதட்டினீர்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது திறக்கிறேன். முப்பதே ஆகவில்லை, அதற்குள் கிழவி மாதிரிப் பழங்கதை பேச வந்துட்டா என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். எனக்குக் காதோரம் நரைத்துவிட்டது, அந்த உரிமையில் பேசுகிறேன். உங்கள் அப்பாக்கள் ரிப்போர்ட் கார்டுக்கு அடித்தார்கள், சைக்கிள் வாங்கித் தராமல் ஏமாற்றினார்கள். என் அப்பா என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டியதில்லை. அவர் செய்தது வேறு.

அப்பாவின் டிங்கரிங் ஷெட் கடலூர் முதுநகரில், ரயில்வே கேட்டைத் தாண்டி இருந்தது. அம்மா ஒரு நர்சிங் ஹோமில் வேலை பார்த்தாள். அவள் வரும்வரை பள்ளி விட்டதும் நான் ஷெட்டில்தான் கிடப்பேன். பழைய அம்பாசிடர் கார் ஒன்றின் பின்சீட்டைக் கழற்றி சுவரோரமாகப் போட்டிருந்தார்கள். ஸ்பிரிங் குத்தும், உட்கார்ந்தால் எலிப் புழுக்கை வாடை அடிக்கும். ஒன்பதாம் வகுப்பு முழுவதையும் நான் அதில் உட்கார்ந்துதான் படித்தேன். எதிரே அப்பாவும் ஷெட் அண்ணனும் நாளெல்லாம் தகடு தட்டிக்கொண்டிருப்பார்கள். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, அப்பாவிடம் வேலை பார்த்தவர். நான் ஒன்றாம் வகுப்புப் போன காலத்திலிருந்து அங்கே இருந்தார். எனக்கு அண்ணன் என்றால் அவர்தான்.

அல்ஜீப்ரா மண்டையில் ஏறவில்லை, சுத்திகள் ஏறிவிட்டன. புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே எந்தச் சுத்தி அடிக்கிறது என்று சொல்வேன். தொம் என்று தரை அதிர்ந்தால் சம்மட்டி. நெல்லிக்குப்பத்திலிருந்து கரும்பு டிராக்டரின் டிப்பர் கோணிக்கொண்டு வந்தால் மட்டும்தான் அது மூலையிலிருந்து எழுந்து வரும். டிங் டிங் என்று வாயாடினால் பால் சுத்தி. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் பந்து மாதிரி உருண்டை, ரிவிட் அடிக்க, உளி பிடிக்க, எதற்கும் அதுதான். தப் தப் என்று மாவு பிசைகிற சத்தம் கேட்டால் கொட்டாப்புளி. புளியமரக் கட்டையில் செய்தது, தகடு நீளாமல் பள்ளத்தை மட்டும் தூக்கும். பித்தளைச் சுத்தியை பெட்ரோல் டேங்க் பக்கம் போகும்போது எடுப்பார்கள், அது பொறி கக்காது. ரப்பர் சுத்திக்குச் சத்தமே கிடையாது, வீல் கப்பைத் தட்டி உட்கார வைத்துவிட்டுப் போய்விடும்.

அம்மாவின் நர்சிங் ஹோமிலும் ஒரு சுத்தி இருந்தது. டாக்டர் முட்டிக்குக் கீழே லேசாகத் தட்டுவார், கால் தானாகத் தூக்கிக்கொள்ளும். நான் ஒருமுறை பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கக்கூடாது என்று இறுக்கி உட்கார்ந்தேன். அப்படியும் தூக்கியது. டாக்டர் சிரித்தார், எனக்கு அவமானமாக இருந்தது.

இவை எல்லாவற்றுக்கும் ராஜா கண்ணாடிச் சுத்தி. நாங்கள் வைத்த பெயர். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு வழவழப்பு. எல்லாச் சுத்தியும் அடித்து முடித்த பிறகு, தகட்டுக்கு அடியில் ஓர் இரும்புக் கட்டையை ஏந்திப் பிடித்துக்கொண்டு, மேலே இதனால் மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால் தகடு புதுசு போல ஆகிவிடும். அதற்கு ஒரு சட்டம் இருந்தது. அதனால் ஆணி அடிக்கக்கூடாது, உளி தட்டக்கூடாது, தகட்டைத் தவிர எதன்மேலும் அது படக்கூடாது. அதன் முகத்தில் ஒரு வடு விழுந்தால், அப்புறம் அடிக்கிற ஒவ்வொரு அடியிலும் அந்த வடு தகட்டில் விழும்.

அந்தச் சட்டத்தை மீறியது அம்மா. புயல் வந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்ட வேண்டும், வீட்டுச் சுத்தியலைக் காணோம். ஷெட்டுக்கு வந்தாள், கையில் கிடைத்ததை எடுத்துப்போய்க் கான்கிரீட் ஆணியை நாலு போடு போட்டாள். ஸ்டார் ஜம்மென்று தொங்கியது. சுத்தியின் முகத்தில், வெட்டிப் போட்ட நகம் மாதிரி, வளைவாக ஒரு வடு.

"அறிவிருக்காடி ஒனக்கு? கொரவளையக் கடிச்சிட்டியே!" என்று அப்பா தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

"ஆமா, பெரிய வைரக் கிரீடம். ஏசு பொறக்குறாரு, ஒங்களுக்குச் சுத்தி பெருசா போச்சா?" என்றாள் அம்மா.

நடுராத்திரிப் பூசைக்குப் போகும்வரை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அண்ணன்தான், "வுடுங்க மேஸ்திரி, பண்டிகை முடிஞ்சதும் கிரைண்டர்ல வச்சு இழைச்சிக்கலாம்" என்று சமாதானம் செய்தார்.

பண்டிகை முடிந்து புயல் வந்தது. உங்களுக்குப் புயலை நான் சொல்ல வேண்டியதில்லை. கரன்ட் கம்பம் எல்லாம் படுத்துவிட்டது. வாரக்கணக்கில் கரன்ட் இல்லை, கிரைண்டர் இல்லை, கம்ப்ரசர் இல்லை. ஆனால் வண்டிகள் வந்து குவிந்தன. மரம் விழுந்த கார், கூரை விழுந்த ஆட்டோ, பலாமரத்துக்கு அடியிலிருந்து அறுத்தெடுத்துப் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து கட்டி இழுத்துவந்த ஜீப், நம் பள்ளி வேன். எல்லாம் கைவேலை. விடிந்தால் அடைந்தால் சுத்திச் சத்தம்தான்.

கரன்ட் வந்த பிறகும் இழைக்க நேரம் கிடைக்கவில்லை, வடுவோடுதான் கண்ணாடிச் சுத்தி வேலை பார்த்தது. அங்கேதான் வந்தது வினை. அப்பா தட்டிய தகட்டில் வரிசையாக நகம் நகமாக வடு விழும், அதன்மேல் பட்டி பூசி மறைப்பார். அண்ணன் இரண்டே நாளில் மணிக்கட்டை ஒரு சாய்ப்பு சாய்த்து, வடு தகட்டில் படாமல் அடிக்கப் பழகிவிட்டார். அவர் தட்டிய பக்கத்தைத் தடவினால் விரல் வழுக்கிக்கொண்டு போகும். வண்டிக்காரர்கள் என்ன, குருடர்களா? அவர்களும் தடவிப் பார்த்தார்கள்.

"மேஸ்திரி, நம்ம வண்டிய அந்தத் தம்பியே பாக்கட்டும். அவுரு கை நல்லாருக்கு" என்றார் நெல்லிக்குப்பத்து டிராக்டர்காரர். அப்பா, "அவன் பாத்தா இன்னா, நான் பாத்தா இன்னா, எல்லாம் ஒண்ணுதான்" என்று சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அண்ணனைப் புகழ்ந்தால் அப்பாவைப் புகழ்ந்த மாதிரிதானே என்று நினைத்தேன். மக்குப் பிள்ளை.

பிப்ரவரியில் ஒரு நாள் மத்தியானம், சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்து அண்ணன் அப்பா எதிரே நின்றார்.

"மேஸ்திரி, நெல்லிக்குப்பம் ரோட்டுல ஒரு எடம் பாத்துருக்கேன். ஈஸ்டருக்கு அப்புறம் தனியா போட்டுக்கலாம்னு. நீங்க வந்துதான் தொறந்து வைக்கணும். போர்டுகூட எழுதக் குடுத்துட்டேன்."

அப்பா அவர் தோளில் கை வைத்தார். "நல்லாரு தம்பி. எவ்ளோ நாளைக்குத்தான் என்கிட்டயே கெடப்ப" என்றார். அண்ணன் குனிந்து அப்பா காலைத் தொட்டார். நான் அம்பாசிடர் சீட்டில் உட்கார்ந்தபடியே, "அண்ணே, அங்கயும் எனக்கு ஒரு சீட்டு போடுங்க" என்றேன். "ஒனக்கு இல்லாமயா பாப்பா, இன்னோவா சீட்டே போட்டுர்றேன்" என்றார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து அண்ணன் கண்ணாடிச் சுத்தியைத் துடைத்தார். எண்ணெய் தடவினார். பழைய பனியன் துணியில் சுற்றி மரப்பெட்டிக்குள் வைத்து மூடினார். தினமும் செய்வதுதான். நான் பார்த்துக்கொண்டே பையைத் தூக்கினேன், அம்மா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அடுத்து ஷெட் திறந்த அன்று, பள்ளி விட்டு நான் போனபோது உள்ளே கூட்டமாக இருந்தது. டிராக்டர்காரர் இருந்தார், ஆட்டோக்காரர்கள் இருந்தார்கள், பக்கத்து வெல்டிங் கடைக்காரரும் இருந்தார். மரப்பெட்டி திறந்து கிடந்தது. கண்ணாடிச் சுத்தியைக் காணோம்.

அப்பா என்னைக் கூப்பிட்டார். கோபமாக இல்லை, ரொம்ப அன்பாகக் கூப்பிட்டார். தலையைத் தடவினார்.

"பாப்பா, நீ பொய் சொல்ல மாட்ட. எல்லாருக்கும் தெரியும். அன்னிக்கிச் சாயங்காலம் கடைசியா கண்ணாடிச் சுத்தி யாரு கையில இருந்துச்சு?"

"அண்ணன் கையில" என்றேன். டாக்டர் முட்டியில் தட்டினால் கால் தூக்குமே, அப்படி வந்தது பதில். "அண்ணன் தொடைச்சு, துணியில சுத்தி..."

"போதும்மா" என்றார் அப்பா.

"இல்லப்பா, பெட்டியில..."

"போதும்னு சொன்னேன்ல. நீ போய் உக்காரு."

அண்ணன் அப்பாவையே பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அது இல்லை. வாயை மூடிக்கொண்டார்.

"பாப்பா சொல்றது நெசந்தான். என் கையிலதான் இருந்துச்சு" என்றார்.

யாரும் கேட்கவில்லை, அவராகவே தன் பையை எடுத்துத் தரையில் கவிழ்த்தார். தூக்குச் சட்டி, ஒரு லுங்கி, குழந்தைக்கு வாங்கின காய்ச்சல் மருந்து பாட்டில். மருந்து பாட்டில் உருண்டு என் சீட்டுக்கு அடியில் வந்தது. நான் எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை. "தனியா கடை போடறவனுக்குச் சுத்தி வேணும்ல" என்று ஒரு ஆட்டோக்காரர் சொன்னார். அப்பா அதை மறுக்கவில்லை. "வுடுங்க, பாவம், புள்ளகுட்டிக்காரன். போலீசெல்லாம் வேணாம்" என்றார். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்!

அவ்வளவுதான். கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நாளில் பரவிவிட்டது. சுத்தி திருடினவன் கடையில் எவன் வண்டியை விடுவான்? கழற்றிப் போட்ட கார்பரேட்டரைத் திரும்ப மாட்டுவானா என்ற சந்தேகம் வந்துவிடாதா?

நான் தேட ஆரம்பித்தேன். அண்ணன் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பெட்டியில் வைத்ததைப் பார்த்தவள் நான். தகரக் குப்பைக்குள் தேடினேன், சாக்கடையில் குச்சியை விட்டுத் துழாவினேன், அம்பாசிடர் சீட்டின் ஸ்பிரிங்குக்குள் கையை விட்டுக் கீறிக்கொண்டேன். சுத்தி கிடைத்தால் அண்ணன் பெயர் மீளும், ஈஸ்டருக்கு அப்புறம் கடை திறக்கும். அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன், தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அவர்தானே.

கண்டுபிடித்தும் கொடுத்தார்.

சிதம்பரத்தில் அம்மாவின் தம்பி, என் மாமா, புதிதாக டிங்கரிங் ஷெட் போட்டிருந்தார். கடை மந்திரிப்புக்கு எல்லோரும் போனோம். ஃபாதர் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, புதுச் சாமான்களை எல்லாம் அடுக்கி, அவற்றின் மேலும் தெளித்தார். பால் சுத்தி இருந்தது, கொட்டாப்புளி இருந்தது. எல்லாம் கடையில் வாங்கின லேபிளோடு இருந்தன. அத்தை கேசரி கொடுத்தாள். தண்ணீர் குடிக்க நான் பின்பக்கம் போனேன்.

அங்கே ஒரு கார் மட்கார்டு பெயின்ட் அடிக்காமல் சுவரில் சாய்ந்திருந்தது. வெயில் அதன்மேல் சாய்வாக விழுந்தது. தகடு முழுக்க நகம். வளைவாக, குட்டிக் குட்டியாக, வரிசையாக நகம் நகமாக வடு. மாமாவுக்குப் பொறுமை கிடையாது, இழைத்துவிட்டு அடிப்போம் என்றுகூடத் தோன்றவில்லை. நான் விரலால் தடவினேன். ஐயோ, எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! கேசரிக் கையோடு ஓடினேன்.

"அம்மா, நம்ம சுத்தி மாமாகிட்ட இருக்கு! நீ ஆணி அடிச்ச தழும்பு அப்புடியே இருக்கு!"

அம்மா என் கையை நறுக்கென்று கிள்ளினாள். "வாய மூடு. மந்திரிப்பு நாளும் அதுவுமா என் தம்பியத் திருடன்ங்கிறியா?"

சரி, அம்மாவுக்குத் தம்பி பாசம். அப்பாவிடம் சொன்னால் போதும் என்று அடக்கிக்கொண்டேன். திரும்பும்போது பஸ்ஸில் அப்பா பக்கத்தில் இடம்பிடித்தேன். அம்மா முன்சீட்டில் தூங்கிவிட்டாள். புதுச்சத்திரம் வரும்போது அப்பா காதில் சொன்னேன். மாமா எடுத்துட்டாருப்பா, அண்ணன் இல்லப்பா, நாளைக்கே போயி அண்ணனக் கூட்டியாந்துரலாம்ப்பா என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா எடுக்கல. நான்தான் குடுத்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்கி நீயும் அம்மாவும் போனப்புறம் மச்சான் வந்தான். புதுக் கடை போடறான், என் பேருல ஒரு சீரா இருக்கட்டும்னு குடுத்து வுட்டேன்."

"அப்ப, யாரு கையில இருந்துச்சுன்னு என்கிட்ட ஏம்ப்பா கேட்டீங்க?"

ஓர் ஊர் தாண்டியது.

"அண்ணன் பாவம்ப்பா."

"அவன் எப்புடியும் போறவன்தானம்மா" என்றார் அப்பா. "போறவன் சும்மாவா போவான்? கஸ்டமரையெல்லாம் கூட்டிக்கிட்டுல்ல போவான். ஒன் படிப்புக்குத்தான் எல்லாம். பெரியவளானா புரியும்."

பஸ் நின்ற இடத்தில் ஜன்னல் வழியாக வெள்ளரிப் பிஞ்சு வாங்கி என் மடியில் வைத்தார். மிளகாய்ப்பொடி தூவிய வெள்ளரி, எனக்கு உயிர். கடலூர் வரும்வரை அது மடியிலேயே இருந்தது. பாவாடையில் ஈரம் ஊறியது. என்னைத் தலை தடவிக் கூப்பிட்டாரே, அப்போதே அவருக்குப் பதில் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டு கேட்டிருக்கிறார். அப்பாவா இப்படி, அப்பாவா இப்படி என்று மனசு அதையே அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் பள்ளி விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவர் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். பெண்ணாடத்தில் அவர் மச்சான் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறாராம், இவரும் அங்கே கரும்பு லோடு ஏற்றப் போகிறாராம். புயலில் ஓடு பறந்த இடத்தில் ஒரு தகர போர்டு போட்டுக் கட்டியிருந்தது. எழுத்து உள்பக்கமாக இருந்தது. வாசலில் நின்றபடியே படிக்க முடிந்தது, புதுச் சிவப்புப் பெயின்டில் "டிங்கரிங்" என்று.

உள்ளே வா என்று சொல்லவில்லை.

"அண்ணே, சுத்தி மாமாகிட்ட இருக்கு. அப்பாதான் குடுத்தாராம்" என்றேன்.

"தெரியும்" என்றார், முடிச்சை இறுக்கிக்கொண்டே. "ஒங்க மாமா வண்டிப் பையில வைடான்னு ஒங்க அப்பாதான் சொன்னாரு. நான்தான் எடுத்து வச்சேன்."

நான் சைக்கிளைச் சுவரில் சாய்த்தேன்.

"தெரிஞ்சும் ஏண்ணே சும்மா இருந்தீங்க? அன்னிக்கே எல்லாரு முன்னாடியும் சொல்லியிருக்கலாம்ல?"

அவர் கையை நிறுத்தினார். அன்று ஷெட்டில் பார்த்த மாதிரியே பார்த்தார்.

"நீ நடுவுல நின்ன பாப்பா. ஒன்ன வச்சிக்கிட்டு ஒங்க அப்பன் பொய் சொல்றான்னு எப்புடிச் சொல்றது? அது தெரிஞ்சுதான ஒன்னக் கூப்புட்டு நிறுத்துனாரு." சாக்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "சொல்லியிருக்கணும். இப்ப நெனச்சா வயிறு எரியுது. நீ போ. இங்க வந்தேன்னு வூட்ல சொல்லாத."

அதன்பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

இப்போது அப்பா வாரம் ஒருமுறை போன் செய்கிறார். "ஏம்மா, முன்ன மாதிரி பேசவே மாட்டேங்கிற" என்கிறார். எது முன்ன என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அண்ணன் வீட்டிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு திரும்பி வந்த அந்தச் சாயங்காலம் அப்பா ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"எங்கம்மா போன, இவ்ளோ நேரம்?"

"ஸ்பெஷல் கிளாஸ்ப்பா" என்றேன்.

நான் அப்பாவிடம் சொன்ன முதல் பொய் அது. என் பாப்பா பொய் சொல்லமாட்டாள் என்று அவருக்கு எப்போதும் ஒரு நம்பிக்கை. தலையைத் தடவிவிட்டு, "போய் டீ குடி" என்றார்.